அம்மாவுக்குத் தெரியாத பதில்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, இரண்டாயிரத்து நான்கில், எங்கள் தமிழ்ச் சபையின் பெண்கள் ஜெபக்கூட்டத்தை நடத்திவந்தவர் வேறு நகரத்துக்குக் குடிபெயர்ந்தார். அதை நடத்தும்படி போதகர் அம்மாவைக் கேட்டார். அம்மா விடியற்காலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்பவர். ஞானஸ்நானம் எடுத்து இரண்டு வருடம்தான். வேதாகமத்தில் எந்தப் புத்தகத்தைத் தேடினாலும் பொருளடக்கத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வார்.

“எனக்கு ஏலாது பாஸ்டர். படிச்ச ஆக்கள் இருக்கினம்,” என்றார்.

போதகர் விடவில்லை. அந்தக் கிழமை முழுக்க அம்மா சமைக்கும்போதும் பஸ்ஸிலும் முணுமுணுத்தபடியே இருந்தார். “நீங்கள்தான் கதைக்கவேணும் ஆண்டவரே, என்னட்ட ஒண்டுமில்லை” என்பதுதான் அந்த முணுமுணுப்பு. ஆனாலும் என் பள்ளிக் கொப்பியில் நாலு பக்கம் எழுதி வைத்துக்கொண்டார். ஆண்டவரை நம்புவதோடு கொப்பியையும் கொஞ்சம் நம்பினார்.

சனிக்கிழமை, ஜெர்மன் தலைநகரின் நொய்கெல்ன் பகுதியில் எங்கள் வீட்டு அறையில் ஆறு பெண்கள் கூடினார்கள். அவர்களில் ஒரு அன்ரி, பிறந்து மூன்றாம் நாள் குழந்தையைப் பறிகொடுத்தவர். மாதக்கணக்காக எந்தக் கூட்டத்துக்கும் வராதவர். அம்மா ஒரு பக்கம் வாசித்து முடிப்பதற்குள் அந்த அன்ரி கேட்டார்:

“என்ர பிள்ளையை ஏன் ஆண்டவர் எடுத்தவர், அக்கா?”

அம்மா கொப்பியைப் புரட்டினார். அதில் அது இல்லை. எனக்கோ ஞாயிறு பள்ளியில் மனனம் செய்த வசனம் நாக்கு நுனியில் நின்றது. அம்மா கொப்பியை மூடினார். எனக்கு முகம் எரிந்தது.

“எனக்குத் தெரியேல்லை, தங்கச்சி.”

அம்மா கதிரையிலிருந்து இறங்கி அன்ரியின் காலடியில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டார். “எங்களுக்கு விளங்கேல்லை ஆண்டவரே. இவவைத் தனிய விட்டுடாதேங்கோ,” என்று மட்டும் ஜெபித்தார். அன்ரி வாய்விட்டு அழுதார். வெகுநேரம் அழுதார். பிறகு இரண்டு கோப்பை தேநீர் குடித்துவிட்டு, வாசலில் சப்பாத்து போடும்போது, அடுத்த சனியும் இங்கேதானா என்று கேட்டார்.

எல்லோரும் போனதும் அம்மா சோபாவில் சரிந்து, ஒரு கிழமையாக அடக்கிவைத்த மூச்சை விட்டார். பசிக்கிறது என்று சொல்லிச் சிரித்தார். நான்தான் கோபமாக இருந்தேன். எனக்குப் பதில் தெரியும், நானே சொல்லியிருப்பேன் என்றேன்.

“நல்ல காலம், நீ சொல்லேல்லை,” என்றார் அம்மா.

முதல் கூட்டத்திலேயே அம்மா தோற்றுப்போய்விட்டார், அதை மறைக்கத்தான் சிரிக்கிறார் என்று நினைத்தேன். பதில் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் அந்த அன்ரி ஏற்கெனவே போய், ஆறுதலில்லாமல் திரும்பியிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.