ஓங்கிய கையைப் பிடித்தவர்

இரும்பு ஸ்டூல் என் நெற்றியில் வந்து மோதியபோது நான் ஜெபித்துக்கொண்டிருக்கவில்லை. சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இந்தத் தழும்பைப் பார்த்துவிட்டு ஆராதனை முடிந்ததும் எத்தனையோ பேர் கேட்டுவிட்டீர்கள். ஆண்டவர் அன்றைக்கு என் உயிரைக் காப்பாற்றினார். அதைவிடப் பெரிதாக, இன்னொருவர் சாவு என் தலையில் விழாமல் காப்பாற்றினார். அதைச் சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவள்.

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு சின்ன கிளினிக்கில் நான் மெடிக்கல் அசிஸ்டென்ட். பி.பி. பார்ப்பது, கட்டுப் போடுவது, டோக்கன் கூப்பிடுவது, கூட்டத்தை அதட்டி உட்கார வைப்பது எல்லாம் நான்தான். நோயாளியிடம் எப்படிப் பேச வேண்டும் என்று படிக்கும்போது தனிப் பாடமே இருந்தது. பொறுமை, கனிவு, காது கொடுத்துக் கேட்பது. பரீட்சையில் நன்றாகவே எழுதினேன். ஆனால் காலையிலிருந்து நின்ற காலோடு வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிப் பாருங்கள், கனிவு எங்கே போகிறதென்று தெரியும். எனக்கு வாயும் கொஞ்சம் நீளம்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளிக்கு ரொம்ப முடியவில்லை என்றால் சொந்தக்காரர்களை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்துவோம். சாத்தும்போது, “ஒண்ணும் இல்ல, வெளிய வெயிட் பண்ணுங்க” என்போம். உள்ளே என்ன நடந்தாலும் வெளியே இதே வார்த்தைதான். பாதி நேரம் அது பொய் என்று எங்களுக்கும் தெரியும்.

அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரம், கீழ்க்கட்டளையைச் சேர்ந்த ஒருவர் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். பெயர் சேகர். மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் வேலை, யூனிஃபார்மைக்கூடக் கழற்றவில்லை. பின்னாலேயே அவருடைய மச்சான். பையன் கவினுக்கு ஐந்து வயது இருக்கும். வீசிங். உதடு நீலம் பாரித்துவிட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே போய்ப் போய் வந்தது. டாக்டரம்மா உள்ளேயிருந்து கத்தினார். நான் பையனைப் பிடுங்காத குறையாக வாங்கி நர்ஸ் அக்காவிடம் கொடுத்தேன். அவர் உள்ளே தாழ்ப்பாள் போட்டார். நான் வெளியே கதவை மறித்து நின்றேன்.

“ஒண்ணும் இல்ல சார், வெளிய வெயிட் பண்ணுங்க.”

அந்த வார்த்தைதான். மனுஷன் முகமே மாறிப்போனது.

உள்ளே பையன் திணறிக்கொண்டே “அப்பா, அப்பா” என்றான். ஏதோ தட்டு உருண்டு விழுந்தது. “மாஸ்க்கப் புடுங்கறான், கைய அமுக்கிப் புடி” என்று டாக்டரம்மாவின் குரல்.

“இன்னா பண்றீங்க எம் புள்ளைய? கதவத் தொற!”

“உள்ள வரக்கூடாது சார்.”

“தொறடீ!”

“மரியாதையா பேசுங்க. இது கிளினிக், உங்க வூடு இல்ல.”

அடுத்த நொடி மருந்து அலமாரிக் கண்ணாடி நொறுங்கியது. கையாலேயே குத்தினார். மணிக்கட்டிலிருந்து ரத்தம் சுவரெல்லாம் தெறித்தது. உட்கார்ந்திருந்த நோயாளிகள் செருப்பை விட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினார்கள். மச்சான்காரன் என் முடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினான். “கொன்னுடுவேன் உன்ன!” நான் அவன் கையைக் கடித்தேன். உதறிவிட்டு ஸ்டூலைத் தூக்கி எறிந்தான். நெற்றி பிளந்து ஒரு கண் முழுக்க ரத்தம். அதற்குள் சேகர் கதவை உதைக்க ஆரம்பித்துவிட்டார். தாழ்ப்பாள் ஆட்டம் கண்டது. ஐயோ, கதவு உடைந்தால் டாக்டரம்மாவை அடித்தே போடுவார்கள். அப்புறம் பையனுக்கு மருந்து கொடுக்க யார் இருக்கிறார்கள்? பையன் செத்துப்போவான்.

ஓரத்தில் சலைன் ஸ்டாண்ட் நின்றது. இரும்பு. தூக்கி ஒரு வீசு வீசினேன். மச்சான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். எனக்கு முதுகைக் காட்டியபடி சேகர் உதைத்துக்கொண்டே இருந்தார். அவர் தலை என் கைக்கு எட்டும் தூரம். ஓங்கினேன். பொய் சொல்ல மாட்டேன், கொல்லத்தான் ஓங்கினேன்.

“இயேசப்பா!” என்று கத்திவிட்டேன். “என் கையப் புடிங்கப்பா!”

ஜெபம் அவ்வளவுதான். முழங்கால் போடவில்லை, கண்ணை மூடவில்லை. போலீஸை அனுப்பும் என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை.

போலீஸும் வரவில்லை. நடந்தது இதுதான். அதுவரை வெறும் கூச்சலாக விழுந்த சத்தம், என் காதில் வார்த்தையாக விழுந்தது. அவர் உதைத்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தார்.

“எம் பொண்டாட்டியையும் இப்டித்தான் உள்ள இட்டுனு போயி கதவச் சாத்துனாங்க. வேற ஆஸ்பத்திரில. ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னாங்க. பொணமாத்தான் குடுத்தாங்க!”

கையிலிருந்த ஸ்டாண்ட் தரையில் விழுந்தது. நான் போட்டேன் என்று சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் எனக்கு அந்த மனசு இல்லவே இல்லை. அது கர்த்தர் செய்தது.

“அண்ணா, நான் சொன்னது பொய். புள்ளைக்கு ரொம்ப முடியல. மாஸ்க்கப் புடுங்கிப் புடுங்கி எறியறான். உங்களத்தான் தேடறான். உள்ள வாங்க, ஆனா யாரையும் அடிக்காதீங்கண்ணா.”

உயர்த்திய கால் அப்படியே நின்றது. நான் கதவில் வாயை வைத்துச் சொன்னேன். “மேடம், நான்தான். அப்பா மட்டும் வர்றாரு. தொறங்க.” பிறகு தாழ்ப்பாள் விலகியது.

டாக்டரம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். “மடியில நிமித்தி உக்கார வெச்சுக்கோங்க. மாஸ்க்க நீங்க புடிங்க.”

“அப்பா கீறேன்டா கண்ணு. எங்கியும் போவல” என்றார் சேகர். ரத்தக் கையோடு அணைத்தார். அதுவரை இரண்டு பேர் அமுக்கியும் அடங்காத பையன் அப்பா நெஞ்சில் சாய்ந்தான். மருந்துப் புகை உள்ளே போக ஆரம்பித்தது. விலா இழுப்பது மெல்லக் குறைந்தது. உதட்டில் நிறம் வந்தது. ஸ்தோத்திரம் ஆண்டவரே என்று நர்ஸ் அக்கா வாய்விட்டு அழுதார்.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் வரும்வரை நான் கீழே உட்கார்ந்து சேகர் கையிலிருந்த கண்ணாடிச் சில்லுகளை எடுத்தேன். என் நெற்றி ரத்தம் அவர் பேண்டில் சொட்டியது.

“பயந்துட்டியாம்மா?” என்றார்.

‘ஒண்ணும் இல்லண்ணா’ என்று வாய்வரை வந்துவிட்டது. “ஆமாண்ணா. ரொம்பப் பயந்துட்டேன்” என்றேன்.

“நானும்தாம்மா.”

கவின் பிழைத்தான். டாக்டரம்மா புகார் கொடுத்தார், கொடுக்கத்தான் வேண்டும். அடித்தவர்கள் அதற்கு உண்டான தண்டனையை அனுபவித்தார்கள். நான் ஸ்டாண்டால் அடித்ததையும் ஸ்டேஷனில் மறைக்காமல் சொன்னேன். மச்சான் இன்னும் லேசாக நொண்டுகிறான். என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறான், நானும்தான்.

இப்போது எங்கள் கிளினிக்கில் பிள்ளையோடு பெற்றவர் ஒருவர் உள்ளே வரலாம். வெளியே நிற்பவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். தெரியாவிட்டால் தெரியவில்லை என்கிறேன். கோபம் போய்விட்டதா? எங்கே போகிறது! தினமும் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால் அதே ஜெபம்தான் செய்கிறேன்.

உங்களில் யாராவது இன்றைக்கு யார் மேலாவது கை ஓங்கி நிற்கலாம். வீட்டில், ஆபீஸில், எங்கேயோ. மனசு சுத்தமான பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். ஓங்கிய கையோடேயே கூப்பிடுங்கள். பிடிப்பார்.