ஹாஜறாவின் நெஞ்சில் நீர் தேங்கவில்லை

இருபத்தாறு வயதில் ஹாஜறாவுக்குப் படுத்துத் தூங்க முடியாமல் போயிற்று. தலையைச் சாய்த்தால் மூச்சு முட்டும். சுவரில் முதுகைக் கொடுத்து, உட்கார்ந்தபடியே கண்ணயர்வாள். மருதமுனையில் அவளும் கணவன் கச்சிமுகம்மதுவும் ஒரே கொட்டிலில் இரண்டு தறி போட்டுச் சாரன் நெய்தார்கள். அந்த வருடம் அவளுடைய தறி பாதி நாள் சும்மா கிடந்தது.

சிறு வயதில் மூட்டெல்லாம் வீங்கி ஒரு காய்ச்சல் வந்ததே, அதுதான் காரணம் என்றார் கல்முனை ஆஸ்பத்திரி டொக்டர். காய்ச்சல் போகிற போக்கில் இதயத்தின் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. இரத்தம் போகும் வழி ஒடுங்கிவிட்டது. இரண்டு முறை வயிற்றில் தரித்தும் தங்கவில்லை. இன்னொரு முறை தரித்தால் தாயின் உயிருக்கே ஆபத்து என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிறகு சற்று யோசித்து, “கொழும்பில இப்ப இதுக்கு ஒப்பரேசன் செய்றாங்க. இதயத்துக்குள்ள விரலை விட்டு அந்த வழியைத் திறந்து விடுவாங்க. விருப்பமெண்டா அனுப்புறன்” என்றார்.

அது 1957. இதயத்தில் கத்தி வைத்து உயிரோடு திரும்பிய ஒருவரையும் மருதமுனையில் எவரும் கண்டதில்லை. ஹாஜறாவின் மூத்த சகோதரன் றஸாக், கரைவலைக்காரர், செய்தி கேட்டதும் வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்தார்.

“மனிசன்ட கல்புக்குள்ள கைய வெக்கிறதா? அது அல்லாஹ் மூடி வெச்ச இடம். நான் உடமாட்டன்.”

“காக்கா, இப்பிடிக் குந்திக்கிட்டே மௌத்தாகிறதுக்கு, அங்க படுத்துக்கிட்டு மௌத்தானா என்ன?” என்றாள் ஹாஜறா.

கச்சிமுகம்மது அவள் பக்கம் திரும்பி, “உனக்கு என்ன விருப்பம் புள்ள?” என்று கேட்டான்.

“போவம் மச்சான்.”

மட்டக்களப்பிலிருந்து ரயிலேறிப் போனார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்து, சோதனைகள் முடிந்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவளைத் தள்ளுகட்டிலில் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் அவள் உதடு கலிமா சொல்லிக்கொண்டிருந்தது.

கண் விழித்தபோது இடது மார்புக்குக் கீழே தொடங்கி முதுகுவரை நெருப்பு வைத்தது போல எரிந்தது. விலாவிலிருந்து ஒரு ரப்பர்க் குழாய் புறப்பட்டு, கட்டிலுக்குக் கீழே தரையில் இருந்த பெரிய கண்ணாடிப் போத்தலுக்குள் இறங்கியிருந்தது. தலைமாட்டில் நின்ற தாதி தமிழில், அதுவும் தங்கள் பக்கத்துத் தமிழில், “முழிச்சிற்றீங்களா? நான் பூரணம். காரைதீவு” என்றாள். அந்த ஒரு சொல்லில் ஹாஜறாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

மாலையில் சத்திரசிகிச்சை நிபுணர் வந்து பார்த்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைப் பூரணம் திருப்பிச் சொன்னாள்.

“வால்வு நல்லாத் திறந்திற்றாம். அவர்ர வேலை முடிஞ்சுதாம். இனி வெட்டின இடத்தில தண்ணி தேங்காமப் பாக்கிறதில பாதி வேலை உங்கடயாம்.”

“நான் என்ன செய்ற மிஸ்ஸி? கைய அசைக்கவும் ஏலாமக் கிடக்கன்.”

“உள்ளுக்குள்ள புண்ணிலயிருந்து தண்ணி ஊறும். அது இந்தக் குழாயால இறங்கிப் போக வேணும். உள்ள நிண்டா நெஞ்சை அமத்தும், சீழ் பிடிக்கும், தையலும் விட்டிரும். அதுக்கு நீங்க நிமிந்து இரிக்க வேணும். ஆழமா மூச்செடுக்க வேணும். நல்லா இரும வேணும். குழாய்க்கு மேல சாயப் படாது. அவ்வளவுதான்.”

இருமுவதுதான் பெரிய காரியம். முதல்முறை இருமியபோது நெஞ்சு மறுபடியும் பிளந்தது போலிருந்தது. இனி இருமுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

பக்கத்துக் கட்டிலில் சோமாவதி என்ற சிங்களப் பெண் இருந்தாள். அவளுக்கும் அதே ஒப்பரேசன், இரண்டொரு நாள் முந்தி நடந்தது. அவளும் வலிக்குப் பயந்து இருமாமல் சுருண்டே கிடந்தவள். குழாயைக் கழற்றிய பிறகு அவளுடைய விலாவில் நீர் கட்டிக்கொண்டது. அன்றைக்குத் திரை இழுத்து, ஊசி ஏற்றி அதை வெளியே எடுத்தார்கள். திரைக்கு இந்தப் பக்கம் கேட்ட முனகலை ஹாஜறாவால் தாங்க முடியவில்லை. தலையணையை எடுத்துத் தையல் மேல் வைத்து இறுக்கிக்கொண்டாள். “யா அல்லாஹ்” என்று சொல்லி இருமினாள். கண்ணீர் வழிந்தது. இன்னொரு முறை இருமினாள்.

அன்று முதல் போத்தலைப் பார்ப்பதே அவளுக்கு வேலையாயிற்று. மூச்சை இழுத்தால் போத்தலுக்குள் இருந்த கண்ணாடிக் குழாயில் நீர் மேலே ஏறும், விட்டால் இறங்கும். தன் மூச்சைத் தன் கண்ணாலேயே பார்ப்பது அவளுக்கு அதிசயமாக இருந்தது. மறுநாள் காலையில் பார்த்தபோது நீர் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. விலாவுக்குள் ஏதோ இறுகுவது போலிருந்தது.

“மிஸ்ஸி! தண்ணி ஆடாம நிக்கிது!”

பூரணம் ஓடி வந்தாள். குழாய் எங்கும் மடிந்திருக்கவில்லை. ரப்பரை விரல்களுக்கிடையில் பிடித்து, மேலிருந்து கீழாக இழுத்து இழுத்து உருவினாள். உறைந்த இரத்தம் ஒரு கட்டியாக நகர்ந்து வந்து போத்தலுக்குள் விழுந்தது. அதன் பின்னால் சிவந்த நீர் கொடகொடவென்று இறங்கியது. ஹாஜறாவின் நெஞ்சிறுக்கம் தளர்ந்தது. குழாய்க்குள் நீர் மறுபடி ஏறி இறங்கத் தொடங்கியது.

“அப்பாடா!” என்று கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள் பூரணம். “நல்ல நேரம் கூப்பிட்டீங்க.”

ஹாஜறாவுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. பிற்பகலில் சோமாவதியைப் பார்த்துக் கையசைத்தாள். தன் தலையணையைக் கட்டிப்பிடித்துக் காட்டினாள், இருமிக் காட்டினாள், நீயும் செய் என்று சைகை செய்தாள். சோமாவதி தலையை ஆட்டி மறுத்தாள். ஹாஜறா விடவில்லை. கடைசியில் அவளும் தலையணையை அணைத்துக்கொண்டு ஒரு முறை இருமினாள். வலியில் முகம் கோணியது. ஆனாலும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாலும் தையல் வலித்தது. ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. அதன் பிறகு வேளை தவறாமல் இரண்டு கட்டிலிலும் சேர்ந்தே இருமல் கேட்டது. சோமாவதிக்கு இரண்டாவது ஊசி தேவைப்படவில்லை.

ஹாஜறாவின் குழாயைக் கழற்றிய பிறகு நிபுணர் அவள் முதுகைத் தட்டித் தட்டிக் கேட்டார். தையல் ஓரம் முழுவதும் விரலால் அழுத்திப் பார்த்தார். ஒரே ஒரு சொல் சொன்னார்.

“காஞ்சிரிக்காம்!” என்றாள் பூரணம், தானே பரீட்சையில் தேறியவள் போல.

வேலை அதோடு முடிந்துவிடவில்லை. வெட்டிய தசையும் தோலும் ஒன்றோடொன்று ஒட்டும்வரை இடையில் நீர் கோர்க்கலாம். அதற்கு மார்பைச் சுற்றி அகலமாகக் கட்டுப்போட வேண்டும். ஆஸ்பத்திரிப் பிளாஸ்டர் பட்ட இடமெல்லாம் அவளுக்குக் கொப்பளித்தது. கச்சிமுகம்மது கொழும்புப் புறக்கோட்டையில் தான் தங்கியிருந்த சாரன் கடையிலிருந்து தடித்த துணி வாங்கி, இரண்டாக மடித்துத் தைத்துக் கொண்டுவந்தான். முதலில் கட்டியபோது அவளுக்கு மூச்சே வரவில்லை. பூரணம் அவிழ்த்து, மூச்சை நன்றாக இழுக்கச் சொல்லி, நெஞ்சு விரிந்திருக்கும்போது கட்டினாள். அது சரியாக நின்றது. இடது கையைத் தோளுக்கு மேல் உயர்த்தக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, கல்முனை டொக்டர் சொல்லும்வரை தறியில் உட்காரவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

இருமலைக்கூடத் தாங்கிக்கொண்டவளுக்கு, ஊர் திரும்பியபின் சும்மா இருப்பதுதான் முடியவில்லை. இப்போது படுத்தால் தூக்கம் வருகிறது. பசி எடுக்கிறது. முற்றத்தைச் சுற்றி வந்தாலும் இளைப்பில்லை. உடம்பு முழுவதும் வேலை கேட்டது. ஒரு நாள் கணவன் சந்தைக்குப் போன சமயம் பார்த்து மெதுவாகத் தறியில் போய் உட்கார்ந்தாள். ஊடைநூலைக் குறுக்கே கொண்டு போகும் நாடாவைக் காணவில்லை. கொட்டில் முழுவதும் தேடினாள். அவன் வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

“நாடாவ எங்க ஒளிச்சீங்க?”

“டொக்டருக்கிட்டக் கேளு.”

“நான் இப்ப நல்லாத்தானே இரிக்கன்!”

“அதான் புள்ள ஒளிச்ச. நல்லா இல்லாட்டி நீ தறிப் பக்கமே போயிரிக்க மாட்டாய்.”

கோபத்தில் அன்று மாலைவரை அவனோடு கதைக்கவில்லை. ஆனால் கட்டை அவிழ்க்கவுமில்லை.

கல்முனை டொக்டர் ஒவ்வொரு தரமும் தழும்பு நெடுக அழுத்திப் பார்ப்பார். கடைசியாக ஒரு நாள் கட்டைச் சுருட்டி அவள் கையிலேயே கொடுத்தார். “ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. தழும்பு கயிறு மாதிரி இறுகிற்று. இனிப் போய் நெய்யுங்க.”

வெளியே வந்ததும் கச்சிமுகம்மது பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தான்.

“பஸ் வேணாம் மச்சான். கடற்கரையால நடப்பம்.”

ஈர மணலில் அவள் முன்னால் நடந்தாள். அவன் இரண்டு பேருடைய செருப்பையும் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். மருதமுனைக் கரையில் றஸாக் ஆட்களோடு வலை உலர்த்திக்கொண்டிருந்தார். தங்கை வருவதைக் கண்டு பதறினார்.

“கல்முனையிலயிருந்து நடந்தா வாறாய்?”

“ஓம் காக்கா. உங்கட மச்சானுக்குத்தான் இளைக்கிது.”

வலைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். றஸாக் சிரிக்கவில்லை. மணலில் உட்கார்ந்து முகத்தைச் சாரன் நுனியால் துடைத்துக்கொண்டார்.

மறு வருடம், டொக்டரின் அனுமதியோடும் அவருடைய கண்காணிப்பிலும், ஹாஜறா ஒரு பெண் பிள்ளையைப் பெற்றாள். பிள்ளையின் காதில் தொழுகை அழைப்பான பாங்கைச் சொல்லும்படி றஸாக்கையே கேட்டாள். பிள்ளையைக் கையில் வாங்கிய அந்தப் பெரிய உடம்புக்காரருக்குப் பாதியில் குரல் கம்மிப் போயிற்று.

“சொல்லுங்க காக்கா, புள்ள காத்துக்கிட்டு இரிக்கி” என்றாள் அவள். அவர் பிள்ளையை இன்னும் நெருக்கமாக அணைத்துக்கொண்டு சொல்லி முடித்தார்.