பொன்னழகு வைத்த முதல் வாய்

பொன்னழகுக்கு வீட்டு கேஸ் அடுப்பைப் பற்றவைக்கத் தெரியாது. வெந்நீர் வேண்டுமென்றால்கூட மனைவி ரேணுகா கடைக்குப் போய்த் திரும்பும் வரை வாசலில் உட்கார்ந்திருப்பார். ஆனால் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி வரைக்கும் எந்த ஆம்பளையை நிறுத்தி, சமையலில் கெட்டிக்காரன் யாரென்று கேட்டாலும் அவர் பெயரைத்தான் சொல்வான். பெண்களைக் கேட்டுப் பயனில்லை. அவர் சமைத்த ஒரு பருக்கையைக்கூட எந்தப் பெண்ணும் வாயில் வைத்ததில்லை. கட்டிய மனைவியும் அதில் சேர்த்தி.

காரணம், அவர் சமைப்பது வருடத்தில் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு சாமிக்கு. மாசி மாதம் அறுவடையெல்லாம் ஓய்ந்த பிறகு, ஊருக்கு மேற்கே முந்திரிக்காட்டுக்கு நடுவில் இருக்கும் பொட்டல் கருப்பருக்குக் கிடாய் வெட்டுவார்கள். ஆண்கள் மட்டும் போகும் சாமி. கருப்பர் பெண்களை ஏன் ஒதுக்கினார் என்பதற்கு ஊரில் நாலு கதை உண்டு. நாலையும் சொன்னவர்கள் ஆண்கள்.

அங்கே ஆக்கிய சோறும் கறியும் அங்கேயே தின்று தீர வேண்டும். மிஞ்சினால் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். நெற்றியில் பூசிய திருநீற்றைக்கூட ஊர் எல்லைக்கு வருமுன் துடைத்துவிட வேண்டும். சமைப்பவனுக்கு இன்னும் ஒரு கட்டுப்பாடு உண்டு. சாமிக்குப் படைக்கும் முன் உப்பு, காரம் எதையும் ருசி பார்க்கக் கூடாது. படைத்த பிறகு அவன்தான் முதல் வாய் வைக்க வேண்டும். கூடக் குறைய இருந்தால் அந்த நேரத்தில் சரி செய்துகொள்ளலாம். அவன் வாயால் "சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அது சாமி சோறு. சாமி சோற்றில் குறை சொன்னவன் குடும்பம் விளங்காது என்பது ஐதீகம்.

பொன்னழகு இந்தச் சமையலைக் கற்றது கோயிலில் அல்ல, ரோட்டில். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். நாக்பூர் போகிற வழியில் ஏதாவது புளியமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டி, மூன்று கல்லைக் கூட்டி, கிடைத்த சுள்ளியைப் பொறுக்கித் தீ மூட்டி ஆக்கித் தின்றவர். லாரியில் அஞ்சறைப் பெட்டிக்கு இடமேது? உப்பு, வரமிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, ஒரு பாட்டில் நல்லெண்ணெய். இதை வைத்துக்கொண்டு அவர் வைக்கும் உப்புக்கறிக்கு, பக்கத்தில் நிற்கிற பஞ்சாப் லாரிக்காரனே தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான். எரிகிற தீயில் சோறு, எரிந்து முடிந்த கங்கில் கறி. அவருடைய சமையல் சாத்திரம் அவ்வளவுதான்.

இப்போது குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்றை வைத்துக் காரைக்குடிச் சந்தைக்கு வெங்காய மூட்டை அடிக்கிறார். வருடம் முழுக்க, "யோவ், வண்டிய எடுய்யா" என்று யார் யாரோ அதட்டும் மனிதருக்கு மாசியில் ஒருநாள் செம்மலை அம்பலம் தன் கையால் தலையில் துண்டு கட்டி, நீளக் கரண்டியை நீட்டி, "நடத்துங்க" என்பார். ஊரிலேயே பெரிய மனிதர் அம்பலம். அந்த "ங்க"வுக்காகத்தான் பொன்னழகு மற்ற நாளையெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கரண்டிக்குத்தான் ஆபத்து வந்தது. கொரோனா இரண்டாம் அலையில் பொன்னழகு காய்ச்சலில் படுத்தார். எழுந்து உட்கார்ந்த அன்று ரேணுகா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, "என்ன, சுடுதண்ணியக் குடுத்திருக்க?" என்று எகிறினார். அவள் சீனி டப்பாவைக் கொண்டுவந்து காட்டினாள். ஒரு கை அள்ளி வாயில் போட்டார். ஆற்று மணலைப் போட்டதுபோல இருந்தது. வாசனையும் இல்லை. ஊரில் அந்த வருடம் நாக்குச் செத்துப் போனவர்கள் பலர். எல்லோருக்கும் ஒரு மாதம், இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது. பொன்னழகுக்கு வரவேயில்லை. திருப்பத்தூர்ப் பக்கம் சவாரி போவதாகச் சொல்லிவிட்டு ஒரு டாக்டரைப் போய்ப் பார்த்தார். "வந்தாலும் வரும்" என்றார் டாக்டர். அதைச் சொல்ல டாக்டர் எதற்கு என்று நினைத்துக்கொண்டு திரும்பினார்.

யாரிடமும் மூச்சு விடவில்லை. ருசி தெரியாதவன் கையில் கரண்டியை யார் கொடுப்பார்கள்?

வேடிக்கை என்னவென்றால், சாமி காரியத்தில் அவருக்கு எந்தச் சங்கடமும் வரவில்லை. ருசி பார்க்கக் கூடாது என்று சாமியே உத்தரவு போட்டிருக்கும்போது நாக்கு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன! மிளகாயின் நிறத்தைக் கண் பார்க்கும், வெங்காயத்தின் சத்தத்தைக் காது கேட்கும், உப்பின் அளவு கைக்குத் தெரியும். முதல் வாய் வைக்கும்போது கண்ணை மூடி, கொஞ்சம் நிறுத்தி, "சரியா இருக்கு" என்பார். அந்தக் கொஞ்ச நேர நிறுத்தம் முன்பு கிடையாது. அதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு அருள் கூடிவிட்டது என்று ஊரார் பேசிக்கொண்டார்கள்.

வீட்டிலும் ஓர் அதிசயம் நடந்தது. அதுவரை தட்டில் கை வைத்தால் குற்றம் கண்டுபிடிக்காமல் எழுந்திராத மனிதர் அவர். "உப்பு ஒரு கல்லு தூக்கல்", "புளி செத்த கூட", "இதத் தின்னுட்டு வண்டி ஓட்டுனா பள்ளத்துலதான் விடணும்". கல்யாணமான நாளிலிருந்து ரேணுகா கேட்டது இதைத்தான். இப்போதோ உப்பு கூடவா குறைவா என்றே தெரியாது. எதையாவது சொல்லி மாட்டிக்கொள்வதைவிட "நல்லாருக்கு" என்று சொல்வது பத்திரம் என்று முடிவு செய்தார். காலையில் நல்லாருக்கு, மதியம் நல்லாருக்கு, ராத்திரி ரொம்ப நல்லாருக்கு.

சாவைப் பார்த்துவிட்டு வந்த மனிதனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று ரேணுகா நினைத்தாள். குன்றக்குடி மலையேறி முருகனுக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். போனில் பார்த்துப் பார்த்துப் புதிது புதிதாகச் சமைத்தாள். கும்பகோணத்தில் வாக்கப்பட்டிருக்கும் மகள் துர்காவிடம், "ஒங்கப்பா முன்ன மாதிரி இல்லத்தா. இப்பத்தான் எனக்குக் கல்யாணம் ஆன மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். அதைக் காதில் வாங்கிய பொன்னழகுக்கு, பாவம், அன்றைக்குத் தலை நிமிரவில்லை.

இந்த வருட மாசிப் படையலுக்கும் அம்பலம் துண்டு கட்டினார், கரண்டி நீட்டினார், "நடத்துங்க" என்றார். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, கோட்டைச்சாமி வரும் வரை.

கோட்டைச்சாமி பொன்னழகுக்கு மாமன் மகன். அவன் கழுத்தில் பெரிய மரு ஒன்று வெகுநாளாக இருந்தது. அது உதிர்ந்தால் கருப்பருக்கு உப்புப் போடுவதாக நேர்ந்திருந்தான். உதிர்ந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் உப்பைப் பீடத்தடியில் கொட்டிவிட்டுக் கும்பிடுவதுதான் வழக்கம். ஆனால் கோட்டைச்சாமி யோசிக்கத் தெரிந்தவன். மண்ணில் கொட்டினால் மழையில் கரைந்து வீணாகப் போகும், படையலில் கலந்தால் நேரே சாமி வயிற்றுக்குப் போகும் அல்லவா? பொன்னழகு அந்தப் பக்கம் திரும்பிச் சோறு வடித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு பெரிய பொட்டலம் கல்லுப்பைக் கறி அண்டாவில் பயபக்தியோடு கொட்டிக் கிண்டிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

படையல் முடிந்தது. அம்பலம் தாமரை இலையில் ஒரு துண்டு கறியும் ஒரு பிடி சோறும் வைத்து நீட்டினார். பொன்னழகு வாயில் போட்டார், கண்ணை மூடினார், கொஞ்சம் நிறுத்தினார்.

"சரியா இருக்கு."

ஆண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். முதல் வாய் வைத்ததும் பந்தியே அமைதியானது. ஒருவன் இன்னொருவன் முகத்தைப் பார்த்தான். அவன் இலையைப் பார்த்தான். அம்பலத்தின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் வடிந்தது. வாயைத் திறந்து குறை சொல்ல முடியாது. துப்பவும் முடியாது. மிச்சம் வைத்தால் பக்கத்தில் இருப்பவன் பார்ப்பான்.

"அருமை" என்றார் அம்பலம், தொண்டையைக் கனைத்துக்கொண்டு. "இந்த வருசம் மாதிரி எந்த வருசமும் இல்லைங்க."

"சத்தியமா இல்ல" என்றார்கள் வரிசையில் இருந்தவர்கள். அன்றைக்கு அந்தக் காட்டில் யாரும் பொய் சொல்லவில்லை.

டிராக்டரில் கொண்டுவந்த தண்ணீர்த் தொட்டி பந்தி முடியும் முன்பே காலியாகிவிட்டது. வெயில் அதிகம் என்று பொன்னழகு நினைத்துக்கொண்டார். சாப்பிட்ட எல்லோரும் வழக்கத்தைவிட மரியாதையாக, வழக்கத்தைவிட வேகமாக விடைபெற்றுப் போனதில் அவருக்குப் பெருமைதான்.

திரும்பும் வழியில் குட்டியானையில் கோட்டைச்சாமி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

"மாப்ள, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கிற மாட்டீகளே? இந்த நாக்குக்கு வைத்தியம் பாக்குற டாக்டர் யாராச்சும் தெரியுமா?"

பொன்னழகு வண்டியை மெதுவாக்கினார். "எதுக்கு மச்சான்?"

"எனக்கு மட்டும் கறி ஒரே உப்பாத் தெரிஞ்சுச்சு. நேந்துக்கிட்ட உப்ப ஒரு பொட்டலம் அண்டாவுலதான் கொட்டுனேன். ஆனா நீங்க வாய் வச்சுப் பாத்துட்டுச் சரியா இருக்குன்னுட்டீக. அம்பலமும் அருமைன்னுட்டாக. அப்பக் கோளாறு என் நாக்குலதான?"

திருப்பத்தூர் டாக்டரின் பெயர் நுனிநாக்கு வரை வந்தது. பொன்னழகு அதை விழுங்கிவிட்டார். பந்தி முழுவதும் ஒவ்வொருத்தனும் தன் நாக்கைச் சந்தேகப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனை வருடமாகக் கட்டிக் காத்த பெயர்! சாமிக்கே கரிக்கிற கறியை வைத்துவிட்டோமே!

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அன்று சாயங்காலம் ஊரே பொன்னழகை நினைத்தது. சாமி சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும் ஆம்பளை குடத்தோடு நின்றான். பொதுக் குழாயடியில் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். சொல்லாததைத் தண்ணீர் சொல்லிவிட்டது.

ரேணுகா குழாயடியிலிருந்து வந்து குடத்தை இறக்கினாள். பொன்னழகு அதிலிருந்து இரண்டு சொம்பு மொண்டு மொண்டு குடித்தார். நாக்குக்குத் தெரியாதது உடம்புக்குத் தெரிந்திருந்தது.

"முதல் வாய் நீங்கதான வச்சீக?" என்றாள்.

"ம்."

"ஊரே தண்ணியில கெடக்கு. ஒங்களுக்கு உப்புத் தெரியலையா?"

சமாளிக்க எத்தனையோ பொய் இருந்தது. கருப்பர் மேல் பாரத்தைப் போட்டிருக்கலாம். கோட்டைச்சாமி மேல் போட்டிருக்கலாம். ஏனோ மனசு வரவில்லை.

"எதுவுமே தெரியல. காய்ச்சல் வந்ததுல இருந்து."

ரேணுகா அப்படியே சுவரோரம் உட்கார்ந்தாள். அவள் கரண்டியைப் பற்றிக் கேட்பாள், ஊர் சிரிக்கும் என்று அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கேட்டது வேறு.

"அப்ப என் சமையல நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொன்னது?"

அம்பலம் வந்து கரண்டியைப் பிடுங்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"தெரியாமத்தான் சொன்னேன். ஆனா தெரிஞ்ச காலத்துலயும் நல்லாத்தான் இருந்துச்சு புள்ள. அப்ப நான் சொல்லல."

"எது நல்லாருந்துச்சு?"

"எல்லாந்தான்."

"எல்லாந்தான்னு மொட்டையாச் சொன்னா? இப்பச் சொல்ற மாதிரியே இருக்கு. ஒவ்வொண்ணாச் சொல்லுங்க."

பொன்னழகு சொம்பைக் கீழே வைத்தார்.

"துர்கா கைக்குழந்தை. அடைமழை. ஒரு கருவாட்டுக் குழம்பு வச்ச. கவிச்சி அடிக்குதுன்னு தட்டத் தள்ளிட்டு லோடு ஏத்தப் போயிட்டேன்."

"தெரியும். அன்னைக்குப் பூரா அழுதேன்."

"விழுப்புரம் தாண்டுற வரைக்கும் கைய மோந்து பாத்துக்கிட்டேதான் ஓட்டுனேன். கழுவ மனசு வரல."

ரேணுகா காலை மடக்கி, சுவரில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"சரி, அடுத்தது சொல்லுங்க" என்றாள்.