எடைமேடையில் மாட்டிய சோளம்

கம்ப்யூட்டர் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளட்டும். எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் என்னைக் கேட்டுவிட்டுச் செய்யட்டும்.

குன்னம் பக்கம் ஒரு மாட்டுத்தீவனக் கம்பெனியில் எடைமேடை பார்க்கிறேன். வண்டி மேடையில் ஏறி நின்றதும் கம்ப்யூட்டர் எடையைப் பதிந்து சீட்டு அடிக்கும். அப்போதுதான் முன்னாலிருக்கும் தடுப்புக் கம்பு தானாக மேலே போகும். அதில் கை வைத்தால் வேலை போய்விடும் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார்.

போன அறுவடையில் ஒரு சாயங்காலம். தை மாதத்தில் யாரும் கேட்காத மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு அக்கா டிராக்டர் நிறைய மக்காச்சோளத்தோடு மேடையில் ஏறி நின்றார். திரை நீலமாகி, புதுப்பிப்பு நடக்கிறது, அணைக்காதே என்றது. ஐந்து மணிக்கு மேல் இங்கே எவனும் வேலை செய்ய மாட்டான் என்று யாரோ அதற்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். அறுவடைக் காலத்தில் நாங்கள் சோறு தின்பதே ஒன்பது மணிக்கு.

டிராக்டருக்கு முன்னால் கம்பு. பின்னால் வரிசையாக லாரிகள்.

"என்னா தம்பி பண்ணுது அது?"

"புதுசு பண்ணிக்குதுக்கா."

"நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு. யாரு கேட்டா?"

அவருடைய தார்ப்பாய் பாதி லோடைத்தான் மூடியது. ரோட்டில் கொட்டிக் கிளறிக் கிளறிக் காயவைத்த சோளம். நனைந்தால் ஈரம் என்று சொல்லித் திருப்பி அனுப்பப்போவதும் எங்கள் கம்பெனிதான்.

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் சென்னை ஆபீசுக்குப் போன் போட்டேன். செய்துகொண்டிருந்த வேலையை சேவ் செய்தீர்களா என்று கேட்டான் அங்கிருந்தவன். அது மேடைமேல் டிராக்டரோடு நிற்கிறது என்றேன். எதையும் தொடாதீர்கள் என்று வைத்துவிட்டான்.

லாரி டிரைவர்கள் உள்ளே வந்து, தேர்தல் முடிவு பார்ப்பது போலத் திரையில் ஏறும் சதவீதத்தைப் பார்த்து நின்றார்கள். முப்பது வரை போய் மறுபடியும் பூஜ்ஜியத்துக்கு வந்தது.

"மறு எண்ணிக்கையா சார்?" என்றார் ஒருவர்.

தகரத்தில் முதல் தூறல் விழுந்தது. அந்த அக்கா வண்டிமேல் ஏறித் தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சோளத்தின்மேல் விரித்தார். அவ்வளவு பெரிய லோடுக்கு ஒரு துண்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டிராக்டரிலிருந்த ஸ்பேனரை வாங்கிக் கம்பையே கழற்றிவிட்டேன். வண்டி ஷெட்டுக்குள் போனதும் மழை கொட்டியது.

ஈரம் பார்ப்பவர் வந்தார். அந்த அக்கா மேலாக இருந்த சோளத்தைக் கையால் வழித்துத் தள்ளிவிட்டு, "உள்ள குத்திப் பாருங்க" என்றார். அவர் குத்திப் பார்த்துச் சரியென்று தலையாட்டினார்.

மழை விட்டது. கம்ப்யூட்டரும் எழுந்திருந்தது. டிராக்டரை மறுபடி மேடைக்குக் கொண்டுவந்தோம். கம்பு இல்லாமல் எடை போடக்கூடாது, அது விதி என்றார் மேனேஜர். இரண்டு டிரைவர்கள் கழற்றிய கம்பைத் தூக்கி வந்து டிராக்டருக்கு முன்னால் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

சீட்டு வந்தது. கம்பைத் தலைக்கு மேல் தூக்கினார்கள். அந்த அக்கா அடியில் போனார்.