இரண்டு நிலவுகள் உள்ள உலகம்

ஊர்காவற்றுறையில் இரவில் மீன்பிடிக்கக் கடற்படை தடை போட்டிருந்த காலம் அது. பொழுது பட்டால் கரைக்குப் போக ஏலாது. வீட்டுக்குள் அடைந்து கிடந்த நானும் தங்கச்சியும் பழைய கலண்டரின் பின்பக்கத்தில் பூமியைப் போலவே ஓர் உலகத்தைக் கீறினோம். அங்கேயும் கடல் இருந்தது, தீவுகள் இருந்தன. வானத்தில் மட்டும் இரண்டு நிலவுகள்.

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பா எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு நிலவெண்டால் இருட்டே வராது, பிள்ளை. வெளிச்சத்திலை மீன் வலையைக் கண்டிட்டு விலகிப்போடும். அந்தச் சனம் எப்பிடிச் சீவிக்கிறது?"

இல்லாத ஊரின் தொழிலுக்கு இவர் ஏன் கவலைப்படுகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இஞ்சை மட்டும் இருட்டிலை போக விடுறாங்களோ?" என்று கேட்டேன்.

அப்பா அழிறப்பரை எடுத்து ஒரு நிலவை அழித்துவிட்டார்.

தங்கச்சி மிஞ்சிய நிலவுக்குப் போக ஒரு வள்ளம் கீறினாள். பிறகு வள்ளத்துக்குப் பக்கத்தில், கரையிலே, ஒரு சின்னக் கொட்டிலும் கீறினாள்.

"அதென்ன?" என்றேன்.

"நேவிக்குப் பாஸ் காட்டுற இடம். அது இல்லாமல் எப்பிடிப் போறது?"

அழிறப்பர் இன்னும் அப்பாவின் கையில்தான் இருந்தது. கொட்டிலை அவர் தொடவில்லை.