ஏரிக்கரையில் அவளுக்குப் பின்னால்

எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. விடியற்காலையில் விழிப்பு வந்தபோது பக்கத்தில் அவள் இல்லை. கிணற்றடிக்குப் போயிருப்பாள் என்று புரண்டு படுத்தேன். வெகுநேரமாகியும் வரவில்லை. எழுந்து பின்பக்கம் பார்த்தேன், தெருக்குழாயில் பார்த்தேன். திருமுல்லைவாயிலில் நாங்கள் குடியிருந்த தெருவுக்கே அவள் புதிது. யார் வீட்டுக்கும் போயிருக்க முடியாது. கடைசியில் சைக்கிளில் பால்கேனோடு வந்தவர், ஏரிக்கரைப் பக்கம் ஒரு பெண் தனியாகப் போவதைப் பார்த்ததாகச் சொன்னார். புதுப்பெண், இருட்டுப் பிரியாத நேரம், ஏரி. மனசு வேறு எதை நினைக்கும்?

சைக்கிளை வேகமாக மிதித்துக்கொண்டு போய் அம்பத்தூர் ஏரியின் கரையில் ஏறினேன். தூரத்தில் அவள் வந்துகொண்டிருந்தாள். ஓடி வந்துகொண்டிருந்தாள். புடவையைக் கெண்டைக்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, முந்தானையை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள். காலில் செருப்பு இல்லை. யாரோ துரத்துகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பின்னால் யாரும் இல்லை. கைகளைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, தோள் அசையாமல், தரையில் கால் படுகிற சத்தமே இல்லாமல் ஓடி வந்தாள். என்னைக் கண்டதும் நின்றாள். அடி விழும் என்று எதிர்பார்க்கிறவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஓடணும்போல இருந்துச்சி. கேட்டா வேணாம்னுவீங்க. அதான் சொல்லல."

கோபப்படத்தான் நினைத்தேன். வாயில் வந்தது வேறு. "செருப்பு இல்லாம ஓடுறியே, முள்ளு குத்துனா இன்னா பண்ணுவே?" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவள் ஊர் வேப்பம்பட்டு. அவள் அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேன். பள்ளிக்கூடத்தில் அவள் ஓட்டக்காரி என்பதைப் பெண் பார்க்கப் போனபோது யாரும் சொல்லவில்லை. சொல்லும்படியான விஷயமாக அவர்களுக்குத் தோன்றியிருக்காது. பத்தாவதோடு படிப்பும் நின்றது, ஓட்டமும் நின்றது. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் அப்பா காலம்வரை அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்த குடும்பம். எங்களில் யாரும் பஸ்ஸைப் பிடிப்பதற்குத் தவிர எதற்கும் ஓடியதில்லை.

அடுத்த வாரம் அவளுக்கும் எனக்குமாக இரண்டு ஜோடி கேன்வாஸ் ஷூ வாங்கி வந்தேன். என் பழைய பேண்டை அவளே தையல் பிரித்து இடுப்பைச் சின்னதாக்கிக்கொண்டாள். மேலே என் முழுக்கைச் சட்டை. முதல் நாள் பாதிக் கரைகூட என்னால் முடியவில்லை. விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவள் ஓடிப்போய்த் திரும்பி வந்து, என்னைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு மறுபடி ஓடினாள். பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "இன்னா அண்ணாத்தே, அண்ணி முன்னால ஓடிகினு கீது, நீ பின்னால குந்திகினு மூச்சு வாங்கிகினு கீறே?" என்று கேட்டுவிட்டுப் போனார். மெல்ல மெல்ல என் கால்களும் பழகின. ஆனால் அவளை என்னால் என்றைக்கும் எட்டிப் பிடிக்க முடிந்ததில்லை. அந்த ஏரியை நான் பார்த்ததெல்லாம் அவள் முதுகுக்கு அந்தப் பக்கமாகத்தான்.

தினமும் அம்பத்தூர் ஏரிக்கரை. மார்கழியில் தண்ணீர் தெரியாது. பனிக்குள்ளிருந்து நீர்க்காக்கைகளின் சத்தம் மட்டும் கேட்கும். சில நாள் ரயில்வே கேட்டைத் தாண்டி அயப்பாக்கம் பக்கம் போவோம். வீட்டுமனைக்கு வெள்ளையடித்த கல் நட்டிருந்த வயல்களில் அப்போதும் நெல் விளைந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் அவளை உட்காரவைத்துக்கொண்டு ஆவடிக்குப் போவேன். ராணுவக் குடியிருப்புப் பக்கம் சாலை அகலமாக, இரண்டு புறமும் தூங்குமூஞ்சி மரங்களோடு, பூங்கா மாதிரி இருக்கும். அங்கே சைக்கிளை ஒரு டீக்கடையில் விட்டுவிட்டு, பருத்திப்பட்டு ஏரிக்கரையில் ஓடி, கூவம் பாலம் தாண்டி, வாய்க்கால் ஓரமாகவே பாரிவாக்கம்வரை போவோம். அந்தப் பக்கத்துக் கூவத்தில் அப்போது மணல் தெரியும்படி தண்ணீர் ஓடியது. வாய்க்காலில் முகம் கழுவிக்கொண்டு, வெள்ளரிப்பிஞ்சு வாங்கித் தின்றுகொண்டே திரும்பி நடப்போம்.

தெருவில் பேச்சு வராமல் இல்லை. பெண்பிள்ளை இப்படிக் குதித்து ஓடினால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று வீட்டுக்கார அம்மா எச்சரித்தார். என் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மானம் போகிறது என்றாள். இவளோ எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள். மறுநாள் விடியலில் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருப்பாள்.

ஒரு பொங்கலுக்கு இளைஞர் மன்றத்துப் பையன்கள் போட்டி வைத்தார்கள். ஆண்களுக்கு ஓட்டம், பெண்களுக்கு லெமன் ஸ்பூன். அவள் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தாள். எழுதிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்தான். எழுதச் சொன்னேன். ஏரிக்கரையில் போய்த் திரும்பும் ஓட்டம். மூன்று பையன்களுக்குப் பின்னால் நான்காவதாக வந்தாள். நான் எங்கோ கடைசியில் வந்தேன். சங்கடப்பட்ட மன்றத்தார், லெமன் ஸ்பூன் பரிசு ஒன்றை, ஒரு எவர்சில்வர் டப்பாவை, அவளுக்குக் கொடுத்தார்கள். அதில் ஜெயித்த பெண்ணுக்கே அதைக் கொடுக்கச் சொல்லிவிட்டாள். கூட்டத்தில் கைதட்டினார்கள். ஆனால் அன்றைக்கு அவளுக்கு மூச்சு அடங்கவே இல்லை. உதடு நிறம் மாறியிருந்தது. வெயில் என்று நினைத்து மோர் வாங்கிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு கரை ஏறுகிற மேட்டிலேயே நிற்க ஆரம்பித்தாள். முதல்முறையாக நான் அவளுக்கு முன்னால் ஓடினேன். திரும்பிப் பார்த்தால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பாள். அந்தச் சமயம் அவள் முழுகாமல் இருந்தாள். மூச்சு வாங்குவது அதனால்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே தூங்கத் தொடங்கியபோது பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். சின்ன வயசில் காய்ச்சல் வந்து மூட்டுகள் வீங்கினவா என்று விசாரித்தார். வீங்கின என்றாள். அந்தக் காய்ச்சல் அப்போதே இதயத்தைத் தொட்டுவிட்டது, உள்ளே ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது என்றார். இனி ஓடக்கூடாது, பிள்ளை பெறுவதும் ஆபத்து என்றார். அவள் ஒன்றுதான் கேட்டாள், நடக்கலாமா என்று.

திரும்பும்போது பஸ் பாடி நிறுத்தத்தைத் தாண்டிய பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அப்போ இத்தினி நாளா நான் எந்த மூச்சுல ஓடினேன்?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த மாதமே கருவும் நிற்காமல் போயிற்று.

ஓட்டம்தான் அவள் இதயத்தைக் கெடுத்தது என்று என் அம்மா சொன்னாள். அவள் அப்பாவும் அதையே சொன்னார். வேப்பம்பட்டிலிருந்து வந்தவர் வாசலிலேயே நின்றுகொண்டு, கல்லு மாதிரி இருந்த புள்ளையை நான் ஓடவிட்டுப் பாழாக்கிவிட்டதாகச் சொன்னார். டாக்டர் சொன்னதை எத்தனை முறை எடுத்துச் சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். பிறகு மகளைப் பார்க்க வந்தபோதெல்லாம் என்னோடு பேசவே இல்லை.

ஊசியும் மாத்திரையுமாக நாட்கள் போயின. நானும் ஓடுவதை விட்டுவிட்டேன். பிறகு பெரியாஸ்பத்திரியிலேயே ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்தது. வால்வை விரித்துவிட்டார்கள். இடது மார்புக்குக் கீழே தொடங்கி முதுகுவரை போன தையலை அவள் எனக்குக் காட்டியபோது எனக்குத்தான் தலை சுற்றியது. ஆனால் மூச்சு வந்துவிட்டது. மல்லாந்து படுத்துத் தூங்கினாள். சில மாதத்தில் கரைமேட்டில் என் தோளைப் பிடிக்காமல் ஏறினாள். அந்த ஒரு வருஷம் நாங்கள் ஏரியைச் சுற்றி நடந்த அளவுக்கு அந்த ஊரில் யாரும் நடந்திருக்க மாட்டார்கள்.

ஒரு நாள் நடந்துகொண்டிருந்தவள் நின்று, செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். வேண்டாம் என்றேன். தூரத்துப் பனைமரத்தைக் காட்டி, அதுவரைக்கும்தான் என்றாள். ஓடினாள். பழைய வேகம் இல்லை. ஆனால் அதே தோள், அதே தாழ்ந்த கைகள். மரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நான் பதறிப்போய் ஓடினேன்.

"அடிச்சிகினு கீது," என்றாள் சிரித்துக்கொண்டே. "நின்னுடல."

அந்த வருஷம் மழைக்கு முன்னால் ஒரு காலை, சாம்பார் கரண்டி அவள் வலது கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவள் அப்படியே சரிந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றாள், சொல் வரவில்லை. இதயத்தில் உறைந்த ரத்தம் மூளைக்குப் போய் அடைத்துவிட்டது என்றார்கள். வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. அவளுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

என் அம்மா வந்து கூடவே தங்கினாள். ஓட்டத்தைப் பற்றி அவ்வளவு பேசிய அம்மா, அதற்குப் பிறகு அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கஞ்சியை ஆற்றி ஊட்டினாள், தலை வாரிவிட்டாள், நான் பட்டறையிலிருந்து வரும்வரை பக்கத்திலேயே இருந்தாள். விடியும்போது மட்டும் கட்டிலில் கிடந்தவள் என்னையும் வாசலையும் மாறி மாறிப் பார்ப்பாள். கதவைத் திறந்து வைக்கச் சொல்கிறாள் என்று நினைத்துத் திறந்து வைத்தேன். அது இல்லை. தண்ணீர் கொடுத்தேன். அதுவும் இல்லை. கட்டிலுக்குக் கீழே கிடந்த என் ஷூவை இடது கையால் துழாவி எடுத்து என் பக்கம் தள்ளினாள். எடுத்து ஓரமாக வைத்தேன். மறுநாளும் தள்ளினாள்.

போனேன். எதற்காக ஓடுகிறேன் என்று தெரியாமலே ஓடினேன். வந்து வியர்வையோடு கட்டிலோரம் உட்கார்ந்ததும் என் வாயையே பார்த்தாள். அப்போதுதான் புரிந்தது. சொல்ல ஆரம்பித்தேன். தண்ணீர் படியின் எந்தக் கல்வரை வந்திருக்கிறது, ஆகாயத்தாமரை எவ்வளவு தூரம் படர்ந்திருக்கிறது, கூழைக்கடாப் பறவைகள் வந்துவிட்டனவா, வலை போடுகிறவருக்கு இன்றைக்கு என்ன கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பாரிவாக்கம்வரை போய் வந்து சொன்னேன். வாய்க்கால் ஓரத்தில் புதிதாக ஒரு வீடு எழும்புவதைச் சொன்னால் முகம் சுளிப்பாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். போர்வைக்குள் இடது பாதம் லேசாக அசைந்துகொண்டே இருக்கும்.

கார்த்திகையில் ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் கலங்கல் தாண்டி வழிந்தது. அதைச் சொன்ன காலை அவள் முகம் தெளிவாக இருந்தது. என் கன்னத்து வியர்வையை இடது கையால் துடைத்துவிட்டாள். நான் வேலைக்குப் போனேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் தெருக்காரர் ஒருவர் சைக்கிளில் பட்டறைக்கு வந்தார். மெஷினை நிறுத்திவிட்டு அவர் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். எங்கள் வாசலில் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்து சில வாரம் கழித்து, ஒரு விடியற்காலையில் கதவு தட்டப்பட்டது. அவள் அப்பா. முதல் ரயிலில் வந்திருந்தார். தோளில் துண்டு, கையில் செருப்பு. உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"அது ஓடுன எடத்த ஒருக்கா காட்டுறீங்களா, மாப்ள?"

கரைக்குக் கூட்டிப்போனேன். தண்டவாளத்திலேயே காலமெல்லாம் நடந்தவர். அன்றைக்கு எனக்குப் பின்னால் தயங்கித் தயங்கி வந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும், இதுவரைக்குமா ஓடும் என்று கேட்டார். இன்னும் போகும் என்றேன். பாதிக் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தார்.

"ஸ்கூல்ல ஓடும்போது வந்து பாருன்னு கூப்டும். டூட்டி கீதுன்னுடுவேன். ஒரு நாளும் பாத்ததில்ல." பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார். "எப்டி ஓடும்?"

சொல்லிப் பார்த்தேன். தோள் அசையாது, கை தாழ்ந்திருக்கும், கால் படுகிற சத்தம் கேட்காது என்றேன். அவர் முகத்தைப் பார்த்தால், நான் சொன்ன எதுவும் அவருக்கு உருவமாகவில்லை என்று தெரிந்தது. அதனால் அவரை அங்கேயே நிற்கவைத்துவிட்டு ஓடிக் காட்டினேன். இத்தனை வருஷம் பின்னாலிருந்து பார்த்ததுதானே. கைகளைத் தாழ்த்தி, தோளை நிறுத்தி, முடிந்தவரை அவளைப் போலவே. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது அவர் நிற்கவில்லை. கரைச் சரிவில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். முதுகு குலுங்கியது.

திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். என் அழுகையை நான் அடக்கவில்லை. வெயில் ஏறும்வரை இருவரும் அங்கேயே இருந்தோம். பிறகு ஸ்டேஷனுக்கு அழைத்துப்போய் டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்தார். ரயில் வந்ததும் என் கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்துவிட்டு ஏறிக்கொண்டார்.