போட்டு வாறன் என்பதற்கு இத்தாலியன்

ரொறன்ரோவில் பல்கலைக்கழகக் கடைசி வருடத்தில் எனக்கு ஒரேயொரு பாடம் பாக்கி. ஏதாவது ஓர் அந்நிய மொழியில் தேறவேண்டும் என்று விதி. ஆங்கிலமே எனக்கு அந்நிய மொழிதான் என்று வாதாடிப் பார்த்தேன். அலுவலகத்துப் பெண் சிரித்துவிட்டுப் பாடப் பட்டியலை நீட்டினாள். அந்தப் பாடம் தேறினால் பட்டம். பட்டம் கிடைத்தால் ஒரு கொம்பியூட்டர் கம்பனியில் வேலை. வேலை கிடைத்தால் யாழ்ப்பாணத்தில் தனியாக இருந்த அம்மாவை ஸ்பொன்சர் செய்து கூப்பிடலாம். ஆக, அம்மா கனடா வருவது ஒரு மொழிப் பாடத்தில் வந்து நின்றது.

இத்தாலியனைத் தேர்ந்தெடுக்கக் காரணம், பார்க்டேலில் என்னோடு அறையைப் பங்குபோட்டிருந்த அண்ணை. அவர் ஓர் இத்தாலியச் சாப்பாட்டுக் கடையின் குசினியில் கோப்பை கழுவினார்.

"உதென்ன பெரிய பாஷையே? நாலு வருசமா நான் உவங்களோட கதைக்கிறன். பயப்பிடாத தம்பி, நான் சொல்லித் தாறன்" என்றார்.

அண்ணையின் இத்தாலியன் முழுவதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே கற்று முடித்துவிட்டேன். 'கெதியா ஓடு', 'இன்னும் கெதியா ஓடு', 'கோப்பை எங்கே' ஆகியவற்றைத் தவிர மிச்சமெல்லாம் அடுத்தவனுடைய தாயைப் பற்றியது. குசினியில் அவற்றுக்கு நல்ல புழக்கமாம். வகுப்பில் ஒன்றும் உதவவில்லை.

ஆனாலும் வகுப்பில் எனக்கு வேறொரு வசதி இருந்தது. 'எனக்கு இருபது வயது' என்பதை இத்தாலியர்கள் 'என்னிடம் இருபது வருடங்கள் இருக்கின்றன' என்று சொல்வார்கள். வருடங்களுக்கு 'அன்னி' என்று பெயர். அதில் ஒரு 'ன்' குறைந்து 'ஆனி' ஆகிவிட்டால் அது நமது மாதமல்ல, மனிதனின் பின்பக்கத் துவாரம். ஆங்கிலம் பேசி வளர்ந்த பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து, தங்களிடம் அப்படி இருபது இருப்பதாகப் பெருமையோடு அறிவித்தார்கள். படத்துக்கும் பட்டத்துக்கும் வித்தியாசம் தெரிந்து வளர்ந்தவனுக்கு அந்தப் பிழை கனவிலும் வராது.

மரியாதையும் எனக்குச் சிரமம் தரவில்லை. பெரியவர்களிடம் 'நீங்கள் சுகமா?' என்று கேட்க இத்தாலியனில் 'அவ சுகமோ?' என்கிற மாதிரிக் கேட்கவேண்டும். மற்றவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். நீ, நீர், நீங்கள் என்று ஆளைப் பார்த்து அளந்து பேசும் ஊரிலிருந்து வந்த எனக்கு அது பழகிய வேலை. பேராசிரியை இரண்டு தடவை வகுப்பின் முன்னால் என்னைப் புகழ்ந்தார். எனக்குத் தலைக்கனம் ஏறியது. அண்ணையின் உச்சரிப்பைக்கூடத் திருத்தத் தொடங்கினேன்.

வருடக் கடைசியில் வாய்மொழிப் பரீட்சை. பேராசிரியை கசெற் றெக்கோடரை ஓடவிட்டுவிட்டு எதிரே அமர்ந்தார். அன்றைக்கு நான்தான் கடைசி ஆள். அவர் வீட்டுக்காரி, நான் விருந்தாளி என்று பாவித்துப் பேசவேண்டும். இல்லாத கோப்பியைக் குடித்தேன். இல்லாத மாமரத்தை, இத்தாலியில் மாமரம் ஏது என்று யோசிக்காமல், வாயாரப் புகழ்ந்தேன். கடைசியில் விடைபெறவேண்டும். புத்தகத்தில் இருந்த சொல் 'வாதோ', அதாவது போகிறேன். அம்மாவின் வரவு தீர்மானமாகும் நாளில், ஒருவர் வாசலில் நின்று 'போறன்' என்று சொல்ல எந்த யாழ்ப்பாணத்தானுக்கு வாய் வரும்? 'போட்டு வாறன்' என்பதை அப்படியே இத்தாலியனாக்கினேன்.

"வாதோ எ தோர்னோ."

போகிறேன், திரும்பி வருகிறேன். அவர் தலையாட்டினார். நான் எழுந்து, கதவை மெல்லச் சாத்திவிட்டு, ஸ்ரீட்கார் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

"என்ன மாதிரி?" என்று அண்ணை கேட்டார்.

"வெட்டி விழுத்திட்டன் அண்ணை" என்றேன். இரண்டு பேரும் ஒரு கோழியைச் சமைத்துச் சாப்பிட்டோம்.

மறுநாள் பேராசிரியையின் அறைக் கதவில் பெறுபேறுகள் ஒட்டியிருந்தன. என் பெயருக்கு நேரே 'பரீட்சையை முடிக்கவில்லை' என்றிருந்தது. கதவைத் தட்டினேன்.

"வந்துவிட்டீர்களா?" என்றார் அவர். "நேற்று நாற்பது நிமிடம் காத்திருந்தேன்."

'வாதோ எ தோர்னோ' என்றால் இத்தாலியர்களுக்கு 'இந்தா, இப்ப வந்திடுறன்' என்று அர்த்தமாம். பாவம், பயத்தில் பையனுக்கு அவசரம் வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். கடைசியில் ஆண்கள் கழிவறைக்கு வெளியே நின்று என் பெயரைச் சொல்லி இரண்டு தரம் கூப்பிட்டும் பார்த்தாராம். எனக்கு வெட்கத்தில் உயிர் போனது. என்ன நடந்தது என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தித் தடுத்து, கசெற்றை மறுபடி ஓடவிட்டார்.

"இத்தாலியனில் சொல்லுங்கள். மிச்சப் பரீட்சை இதுதான்."

சொன்னேன். எங்களுடைய மொழியில் போவது செத்தவர்கள் மட்டும்தான், உயிரோடு இருப்பவர்கள் போய் வருவார்கள் என்றேன்.

"திரும்பி வராவிட்டாலும் அப்படித்தான் சொல்வீர்களா?"

"அப்படித்தான்."

"கடைசியாக வீட்டில் யாரிடம் சொன்னீர்கள்?"

"அம்மாவிடம். ஐந்து வருடத்துக்கு முன்னால்." அன்னி, இரட்டை 'ன்', பிழையில்லாமல் வந்தது.

"திரும்பிப் போனீர்களா?"

இன்னும் இல்லை என்பதற்குச் சொல் தெரியும். "நொன் ஆங்கொரா" என்றேன்.

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரப் பார்த்து, வராமல் போனது. தமிழன் எந்தச் சொல்லையும் முதல் எழுத்திலேயே அழுத்துவான். அப்படி அழுத்தினால் அது கப்பலின் நங்கூரம் என்றார். நடுவில் அழுத்தவேண்டும், அங்கோரா. திரும்பச் சொல்லுங்கள்.

"நொன் ஆங்கொரா."

"நடுவில்."

இன்னும் இல்லை, இன்னும் இல்லை என்று அவர் முன்னால் இருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்து வருடமாக அம்மாவின் ஒவ்வொரு கடிதத்துக்கும் வேறு வேறு வசனங்களில் நான் எழுதிய பதிலும் அதுதான் என்பது அப்போதுதான் உறைத்தது. மூன்றாம் தரம் குரல் உடைந்து, அழுத்தம் சரியான இடத்தில் விழுந்தது.

அவர் கசெற்றை நிறுத்தினார். தாளில் 'தேறினார்' என்று எழுதிவிட்டு, மேசை லாச்சியைத் திறந்து மூக்குத் துடைக்கும் தாள் தேடினார். எனக்கா, அவருக்கா என்று நான் கேட்கவில்லை.